துறைமுகத்தில் பள்ளி நேரம்

மொன்றியல் துறைமுகத்தில் காலை எட்டாகப் போகிறது. இங்கே லாரி ஓட்டும் மன்னார்க்காரர் மரியதாஸ், பனி படிந்த ஒரு கன்டெய்னரில் என் காதை வைக்கச் சொல்கிறார். உள்ளே ஏதோ பூச்சிக் கூட்டம் இரும்பைக் கொறிக்கிற சத்தம்.

"ஹெயிட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு உதவியா அனுப்பின சுவர் மணிக்கூடுகள், தம்பி. அங்க ஆட்சி கவிழ்ந்தாப்பிறகு பொறுப்பெடுக்க ஆளில்லை. அப்பிடியே திரும்பி வந்திட்டுது."

"இன்னும் ஓடுதே, அண்ணே!"

"குடுத்த சனம் பற்றரியும் போட்டு, நேரமும் வைச்சுத்தான் அனுப்பினது. அங்கயும் இதே நேரம்தான். பள்ளிக்கூடம் தொடங்கப் போகுது."

பூட்டிய இருட்டுக்குள் அத்தனையும் ஒன்றாக எட்டு அடிக்கின்றன. காதை எடுக்கப் போகிறேன். மரியதாஸ் என் தோளைப் பிடித்து நிறுத்துகிறார்.

"பொறுங்கோ. ஒராள் இன்னும் வரேல்லை."

நிசப்தம். பிறகு உள்ளே, தூரத்து மூலையில், ஒன்று மட்டும் தனியாக அடிக்கத் தொடங்குகிறது.