மேல்படியில் மூன்று கல் குறைவு

இலங்கையில் கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரைமார் பந்தடிக்கும் மைதானத்தைப் பார்ப்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். மலையை வெட்டிச் சமன் செய்த தரை. ஒரு பக்கம் முழுக்கக் கருங்கல்லில் ஏழு வரிசைப் படிக்கட்டு. மழைத்தண்ணீர் ஓட நாலு புறமும் கான். துரை கட்டிய மைதானமாம்! துரை ஒரு கூடை மண் சுமந்தாரா? சுமந்தது எங்கள் பெண்கள்.

என் மனைவியும் சுமந்தாள், ஏழு மாத வயிற்றோடு. "இன்னைக்கு நில்லு புள்ள" என்றேன். "பேர் போடமாட்டாங்க, கூலி போயிரும், நீங்க சும்மா இருங்க" என்று போய்விட்டாள். மத்தியானம் வெட்டிய கரை சரிந்தது. கூடையோடுதான் அவளை வெளியே எடுத்தோம். பாவி நான், கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்த வேண்டும். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்க இறக்க, அவள் சுமையும் இறங்கும். மாமியார் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "எம்மக சும இறங்கட்டும், அப்புறம் அழுவுறேன்" என்றாள். எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் கேட்டேன். "தொரகிட்ட சொல்றேன்" என்றார்.

வேலை முடிகிற சமயம், சிங்களத் தச்சர் மைதானத்தின் கோடியில் இரண்டு தூண் நட்டுக் குறுக்கே ஒரு சட்டம் பொருத்தினார். மாமியார் ஓடிவந்தாள். "மாப்பிள்ள, தொர நம்ம புள்ளைக்குச் சுமதாங்கி வச்சுட்டாருங்க!" மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தோம். இவ்வளவு உயரத்தில் யார் சுமை இறக்குவது என்று தோன்றியதுதான். துரை செய்தால் எல்லாமே பெரிசாகத்தான் இருக்கும் என்று நானும் விழுந்து கும்பிட்டேன்.

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்டவங்களா, இது பந்த ஒதச்சுப் போடுற கம்பம். எதிர்த்தாப்புல இன்னொண்ணு நடப் போறாங்க. தொடச்சு விடுங்க!"

மாமியார் முந்தானையால் துடைத்தாள்.

படிக்கட்டு வேலையில் நானும் ஒரு ஆள். மேல் வரிசைக்கு வந்த கற்களில் மூன்றை, லயத்துக் குடியிருப்பு ஆட்கள் நாலு பேரோடு தூக்கினேன். தச்சர் பார்த்தார். கொண்டு போ என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மைதானத்துக்குப் பின்னால் ஏறுகிற ஒற்றையடிப் பாதையில், தோள் உயரத்துக்கு நட்டோம்.

முதலில் வந்தவள் யாரோ விறகுக்காரி. தலைச்சுமையை மேல்கல்லில் சாய்த்து இறக்கினாள். கழுத்தைத் தடவிக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

மாமியார் அப்போதுதான் அழுதாள்.