ஐந்து கரையும் ஒரே வரியில்

எங்கள் அம்மன் கோயிலுக்கு ஐந்து கரை. கரை என்பது ஒரு பாட்டன் வழிவந்த பங்காளிகளின் கூட்டம். எது முதல் கரை என்று கேட்டால் ஐந்து கரைக்காரரும் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். அதனால் பூசை முடிந்ததும் திருநீறு ஐந்து தட்டுகளில், ஒரே நேரத்தில், ஐந்து பேரிடமும் நீட்டப்படும். ஒரு தட்டு அரை நொடி முந்தினால் அடுத்த திருவிழா போலீஸ் பாதுகாப்போடுதான். ஆத்தாளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. சிரித்த முகமாகவே இருக்கிறாள்.

இந்த வருடம் பால்குடத்துக்குப் பெயர் கொடுப்பதை இணையத்தில் வைத்தோம். நோட்டில் எழுதினால் விட்டுப்போச்சு, அடித்துவிட்டார்கள் என்று வம்பு வருகிறது. நேர்ந்துகொண்டவர் தன் கையால்தான் பதிய வேண்டும், வெளிநாட்டில் இருந்தாலும் போனில் பதியலாம் என்று தீர்மானம். செயலாளரின் மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்; பக்கத்தை அவள் செய்தாள். பத்தாவது படித்து மாவு மில் நடத்தும் நான், வருடாவருடம் நோட்டீஸுக்கு வாசகம் எழுதிய தகுதியில், அதற்குப் பொறுப்பாளி ஆனேன்.

ஒவ்வொரு கரைக்கும் பெயர் எழுத ஒரு கட்டம். அவள் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்திருந்தாள். கமிட்டி கூடியது.

"எங்க கரை எதுக்குக் கீழ கெடக்கு?" என்றார் ஒரு கரைக்காரர்.

"போன் ஒடுக்கமா இருக்குல்ல மாமா, அப்படித்தான் வரும்" என்றாள் அவள்.

"திருநீறு அப்படியா வருது?"

இதற்குப் பதில் எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை போலும். ஐந்து கட்டங்களும் ஒரே வரியில் தோளோடு தோள் உரசி நின்றன. ஒவ்வொன்றும் விரல் அகலம். எழுத்து, எறும்பு படிக்கிற அளவில். ஊரில் சமத்துவம் வந்துவிட்டது என்று எல்லோரும் டீ குடித்துக் கலைந்தோம்.

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேறு சாதியில் பெண் எடுத்தான். அன்றிலிருந்து எங்கள் கரை அவன் குடும்பத்தைச் சேர்ப்பதில்லை. யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, கூப்பிட மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். நானும் போனில் பேசுவேன்; கூட்டத்தில் பேசமாட்டேன். கோயிலில் நாள் தவறாமல் விளக்குப் போடுகிறவனுக்கு இவ்வளவு தைரியம் போதும் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் அவன் மகள் கடுங்காய்ச்சலில் கிடந்து பிழைத்தாள். ஆத்தாளுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டதாகச் சொன்னான். "குடும்பத்தோட வாரேண்ணே. பேரு பதிஞ்சுட்டேன்" என்றான்.

மறுநாள் பக்கத்துக் கரைக்காரர் மில்லுக்கே வந்தார். தவிடு பறக்கிற இடத்தில் வெள்ளை வேட்டியோடு நின்றார்.

"ஒங்க தம்பி எங்க கரையில பேரு குடுத்திருக்காரு. பொண்ணுதான் வெளிய எடுத்தாரு, இப்ப பங்காளியும் வெளிய எடுக்குறாரா? நான் தூக்கச் சொல்லிட்டேன்."

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். "பதிவு நீக்கப்பட்டதுன்னு வந்துருக்குண்ணே. அவங்களுக்குப் பிடிக்கலன்னா நேரா சொல்லிருக்கலாம். நாங்க வரல." போனை வைத்துவிட்டான்.

பெயர் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இப்போது விட்டால் இனி அவன் வாசல் மிதிக்கமாட்டான்.

நான் செயலாளரின் மருமகளிடம் ஓடினேன். என் தம்பியிடம் இருப்பது போன்ற விலை கூடிய போனை அவள் எடுத்து எங்கள் கரைக் கட்டத்தைத் தொட்டாள். தொட்டதுதான் தாமதம், பக்கம் முழுவதும் உப்பிப் பக்கவாட்டில் ஓடியது. மேலே இருந்த கரைப் பெயர்கள் காணாமல் போயின. கட்டம் எது, யாருடையது என்று எதுவும் தெரியவில்லை. தம்பி கைக்கு அகப்பட்டதில் எழுதியிருக்கிறான்.

கமிட்டி மறுபடி கூடியது. "பெருசாகுதா? அப்ப எழுத்தை இன்னும் சிறுசாக்கு" என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆக்கினாள். போன் இன்னும் வெறியோடு உப்பியது. "சரி, பெருசாகவே விடாம பூட்டிரு" என்றார் செயலாளர். அதையும் ஒரு போனில் செய்து காட்டினாள். இப்போது நானே இரண்டு விரலால் விரித்துப் பார்த்தும் பக்கம் அசையவில்லை. கண்ணாடி போட்டும் என் கரைப் பெயரை எனக்கே படிக்க முடியவில்லை. சமத்துவம் இப்போது பூரணம், யாருக்குமே தெரியாது.

"மாமா," என்றாள் அவள், முதல் நாள் சொன்னதைத் திரும்பச் சொல்கிறவளின் பொறுமையோடு. "கட்டத்துக்குள்ள எழுத்து பதினாறு அளவுக்குக் கீழ போனா, படிக்கச் செரமப்படுவாங்கன்னு அந்தப் போன் தானாப் பெருசாக்கிரும். பதினாறு வச்சா பேசாம இருக்கும். ஆனா ஒரே வரியில அஞ்சு கட்டம் கொள்ளாது. கீழ கீழதான் வைக்கணும்."

பக்தர் கண் மேல் ஒரு போனுக்கு இருந்த அக்கறை, கோயில் கமிட்டிக்கு இல்லாமல் போயிற்று. ஐந்து கரையும் கூரையைப் பார்த்தன.

"எங்க கரையக் கடைசியாப் போடுங்க" என்றேன்.

என் பங்காளி ஒருவர் திரும்பினார். "யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. எந்தம்பி பேரு எழுத ஒரு எடம் வேணும். அது எங்கிட்டு இருந்தா என்ன?"

"வேத்துச் சாதிப் பொண்ணுக்காகக் கரையவே கீழ எறக்குறியா?"

"ஆமா" என்றேன். பன்னிரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த பதில் இவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது.

மற்ற நான்கு கரைக்கும் அம்மன் முன் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். முதல் சீட்டில் வந்தவர் ஆத்தாளின் நீதியைப் புகழ்ந்தார். நான்காவதில் வந்தவர் பூசாரி சீட்டை மடித்த விதம் சரியில்லை என்றார். மருமகள் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுத்தைப் பதினாறாக்கி, கட்டங்களை அடுக்கிவிட்டாள். போனில் கடைசிக் கட்டத்தைத் தொட்டேன். பக்கம் அசையாமல் நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அவள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"கூட்டத்துலயா சொன்ன?"

"கூட்டத்துலதான்."

"அப்ப எம்பொண்டாட்டி பேரையும் போடலாமாண்ணே?"

"போடு. அவ கையாலயே போடச் சொல்லு."

திருவிழா அன்று காலையில் கரை கரையாகப் பெயர் படித்துப் பால்குடம் எடுத்துக்கொடுக்கிற வேலையும் என்னுடையதுதான். எங்கள் கரை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பங்காளிகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி பெயரைப் படித்தேன். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அவள் பெயரைப் படித்தேன். மஞ்சள் புடவையில் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தலையில் சும்மாட்டை வைத்துக் குனிந்தாள். குடத்தைத் தூக்கி வைத்தேன்.