குக்கர் சத்தம் இல்லாத பாட்டு

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அரசியல் கட்சி இல்லை, பாட்டுக் கட்சி. நான் மாதச் சந்தா கட்டி ஓர் ஆப்பில் பாட்டு கேட்பவள். என் கணவர் தன் பாட்டுகளைத் தானே சேர்த்து, வேறொரு கம்பெனியின் கிளவுடில் ஏற்றி வைத்துக் கேட்பவர். அந்தக் கம்பெனி பாட்டு தராது. நாம் கொடுப்பதை வைத்துக்கொள்ள இடம் மட்டும் தரும், கேட்கும்போது திருப்பிப் போட்டுக் காட்டும். சாப்பிடும்போதுகூட 'உன் கம்பெனி', 'உங்க கம்பெனி' என்றுதான் சண்டை போடுவோம். கேட்பவர்கள் நாங்கள் இரண்டு பேரும் முதல் போட்டவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

என் கட்சிக்குக் காரணம் ரயில். தாம்பரத்தில் ஏறிப் பொத்தேரியில் இறங்குவேன், அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, காதில் பாட்டு வேண்டும். நினைத்த பாட்டு நினைத்த மாத்திரத்தில் வரும், ஸ்டுடியோவில் பாடியது போலவே துல்லியமாக வரும். எதையும் சேர்த்து வைக்க வேண்டாம், தூசி தட்ட வேண்டாம். அதைவிட என்ன சௌகரியம் வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் கட்சிக்குக் காரணம் வெள்ளம். முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்த வருடம் அவருடைய கேசட் பெட்டி முழுகிவிட்டது. கல்லூரி நாளிலிருந்து சேர்த்தவை. தண்ணீர் வடிந்ததும் நான் மெத்தைக்கும் மிக்சிக்கும் அழுதுகொண்டிருக்க, அவர் மொட்டை மாடியில் ஒரு புடவையை விரித்து கேசட்டுகளைக் காய வைத்துக்கொண்டிருந்தார். என் புடவை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், ஆனால் கேட்கவில்லை.

காய்ந்த கேசட்டுகளில் பாதிக்குமேல் ஒரு தடவைதான் ஓடின. ஓடி முடிப்பதற்குள் நாடா சிக்கும், அறுந்துபோகும். அதனால் ஓடும் அந்த ஒரு தடவையிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். பரணில் இருந்ததால் பிழைத்த டேப்ரெக்கார்டரில் ஒயர் செருகும் இடம் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ஆகவே அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதன் ஸ்பீக்கருக்கு நேராக ஒரு டம்ளரில் தன் போனைச் சாய்த்து நிறுத்தி, பாட்டைப் போட்டுப் பதிவு செய்வார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. எங்கள் தெருவில் அது நடக்கிற காரியமா? பாட்டு பல்லவியைத் தாண்டுவதற்குள் குக்கர் விசிலடிக்கும். பக்கத்து வீட்டில் மோட்டார் போடுவார்கள். பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் வட்டமடிக்கும். நான் சமையலறையிலிருந்து "காபி வேணுமா?" என்று கேட்பேன். அவர் "ஷ்ஷ்" என்பார். இவ்வளவும் சேர்ந்துதான் அவருடைய கிளவுடுக்குப் போனது. போனில் இடம் அடைக்கிறது என்று ஏற்றியதும் அழித்துவிடுவார்.

இதற்காக அவரை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன். அதே பாட்டு என் ஆப்பில் கண்ணாடி மாதிரி இருக்க, இந்த மனுஷன் மீன் விற்பவரின் குரலோடு சேர்த்துக் கேட்கிறாரே என்று என் மகனிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவர் அசரமாட்டார். என் ஆப் வாடகை வீடு மாதிரி, எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள் என்பார். சொந்த வீட்டுக்குள்தானே ஆறு வந்தது என்று நான் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் ஒரு நாள் எனக்குப் பிடித்த பாட்டு ஒன்று ஆப்பில் திடீரென்று மங்கிப்போய், தொட்டால் ஓடாமல் கிடந்தது. உரிமை யாருக்கு என்று ஏதோ தகராறாம். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இருந்தார்.

அவரிடம் ஒரு துருப்புச்சீட்டும் இருந்தது. அவருடைய இளவயதில் வந்து ஒரு வாரம்கூட ஓடாத ஏதோ ஒரு படத்தின் பாட்டு. நானும் தேடிப் பார்த்துவிட்டேன், என் ஆப்பில் இல்லை. மகன் வைத்திருந்த ஆப்பிலும் இல்லை. அவருடைய கேசட்டில் மட்டும் இருந்தது. கடைசியாக அதைப் பதிவு செய்யப் போகிறேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சையே காணோம். என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு, "சரியா வரலை, நாடா அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு பேப்பரை எடுத்துக்கொண்டார். அப்போ உங்க கம்பெனியிலயும் இல்லை என்று நான் வெற்றிக்கொடி நாட்டினேன். அவரும் சிரித்தார்.

போன ஆடி மாதம் அவர் போய்விட்டார். காய்ச்சல் என்று குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். மனிதன் போன பிறகு வீட்டில் சத்தம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் குறையவே இல்லை. அதே மோட்டார், அதே விமானம், அதே குக்கர். "ஷ்ஷ்" சொல்ல மட்டும் ஆள் இல்லை.

மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கியபோது என் ஆப்பைத் திறக்கவே பிடிக்கவில்லை. அவருடைய கிளவுடை என் போனில் போட்டுத் தரும்படி மகனிடம் கேட்டேன், போட்டுத் தந்தான். அத்தனை வருடக் கிண்டலுக்குப் பிறகு அவருடைய பாட்டுகளை நான் முதன்முதலாகக் கேட்டது ரயிலில்தான். முதல் பாட்டு தொடங்கும் முன் அவர் தொண்டையைச் செருமினார். நாற்காலி நகர்ந்தது. பாட்டு வந்தது, பாட்டுக்குள்ளேயே என் குக்கர் விசிலடித்தது, அவர் "ப்ச்" என்றார். முடிந்ததும் திருப்தியாக ஒரு "ம்". கண்ணை மூடினால் நான் என் சமையலறையில் இருந்தேன், அவர் பக்கத்து அறையில் இருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தினமும் ஏறும் பூக்காரம்மா என் தோளைத் தட்டி, "இன்னாக்கா, எறங்கலியா? பொத்தேரி வந்துகீது" என்றபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

அதன் பிறகு தினமும் அதுதான். பாட்டுக்காகக் கேட்கவில்லை, பாட்டு எனக்கு இடைஞ்சலாகக்கூட இருந்தது. செருமலுக்கும் "ஷ்ஷ்"ஷுக்கும் காத்திருந்தேன். சில பாட்டுகளில் கூடவே லேசாகப் பாடுவார், சுருதி சேராது. அந்தப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன்.

சில மாதங்களில் அந்தக் கம்பெனி கடையை மூடப்போவதாகத் தகவல் வந்தது. ஏற்றி வைத்ததை எல்லாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், தேதி தாண்டினால் அழிந்துவிடும். எனக்குக் கை கால் ஓடவில்லை. மகன் ஊரப்பாக்கத்தில் இருக்கிறான், ஐ.டி. வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து அதே சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தான். வேறு எந்தக் கம்பெனிக்கு மாற்றலாம் என்று பொறுமையாக ஒவ்வொன்றையும் எனக்கு விளக்கினான். ஒன்றில் இடம் அதிகம், ஆனால் பாட்டு ஆப் போல இருக்காது, ஃபைலாக அடுக்கி வைத்திருக்கும். இன்னொன்று மலிவு, ஆனால் நடுவில் விளம்பரம் வரும். மூன்றாவதில் நம்முடைய பாட்டும் அவர்களுடைய பாட்டும் ஒரே இடத்தில் இருக்கும், படமெல்லாம் வரும், சவுண்ட் பிரமாதமாக இருக்கும்.

உனக்கு என்னம்மா முக்கியம் என்று கேட்டான். அப்பா பாட்டு ஒன்றுவிடாமல் பத்திரமாக இருக்க வேண்டும் என்றேன். அவருடைய செருமலுக்காகத்தான் கேட்கிறேன் என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவின் பாட்டு நல்ல சத்தத்தில் இருக்கட்டும் என்று அவன் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தான். அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட, இது முடியட்டும்மா என்பான். உட்கார்ந்திருந்த விதம் அப்படியே அவன் அப்பாதான்.

பழைய கம்பெனி மூடிய பிறகு ஒருநாள் காலை ரயிலில் புதிய ஆப்பைத் திறந்தேன். அழகழகாகப் படப் போஸ்டர்கள் வந்திருந்தன. முதல் பாட்டைத் தொட்டேன். செருமல் இல்லை. வயலின் கணீரென்று எழுந்தது. குக்கர் வரும் இடம் வந்தது, குக்கர் வரவில்லை. தவறுதலாக என் பழைய ஆப்பைத் திறந்துவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு. எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. விமானம் இல்லை, மோட்டார் இல்லை, அவர் இல்லை. வண்டலூர் தாண்டும்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். இரண்டாவது தடவை செத்துப்போனார் என்றுதான் எனக்குத் தோன்றியது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பொத்தேரி பிளாட்பாரத்தில் நின்றபடியே மகனைக் கூப்பிட்டேன். நான் சொன்னது அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"நாம ஏத்துற பாட்டு அவங்ககிட்ட ஏற்கனவே இருந்தா, நம்மளோடதை வெக்கமாட்டாங்கம்மா. அவங்க நல்ல காப்பியைக் குடுத்துடுவாங்க. நான் அதைத்தான் நல்லதுன்னு நெனச்சேன்."

அவன் லேப்டாப்பில் வைத்திருந்த பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். மாற்றி முடித்ததும் அழித்துவிட்டானாம். எனக்கு வந்த கோபம் சாதாரணமானது இல்லை. போனை வைத்துவிட்டேன். அலுவலகத்தில் எந்த வேலையும் ஓடவில்லை. ஆனால் மதியத்துக்கு மேல் கோபம் எங்கோ நழுவிவிட்டது. என் பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்து செய்த வேலை அது. அவன் அப்பாவுக்காகச் செய்தது. அந்தப் பாட்டுகளோடு அவனுக்கும் அப்பா போய்விட்டார், அது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. "சாரிம்மா" என்றான். உள்ளே வா, காபி போடுகிறேன் என்றேன். காபி ஆறிப்போகும்வரை லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தான். அவர்களிடம் இல்லாத பாட்டு ஏதாவது இருந்தால் அதை மட்டும் நாம் கொடுத்தபடியே வைத்திருப்பார்கள், அப்படி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றான்.

மிஞ்சியது கொஞ்சம்தான். அதிலும் பெரும்பாலானவை நாடா கெட்டு வெறும் இரைச்சலாக இருந்தன. ஒன்றுக்கு மட்டும் அவர் 'சரியா வரலை' என்று பெயர் வைத்திருந்தார்; கெட்டுப்போன பதிவு என்று நினைத்து ரயிலில் அதை நான் தொட்டதே இல்லை. மகன் அதைத் தொட்டான்.

செருமல் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு நான் என் ஆயுளில் கேட்டிராத ஒரு பாட்டு தொடங்கியது. யாரிடமும் இல்லாத அவருடைய துருப்புச்சீட்டு அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆசைப்பட்டுக் காத்திருந்து, ஒரே தடவை ஓடுகிற நாடாவில் அவர் பதிவு செய்த பாட்டு.

முதல் சரணத்திலேயே கதவு திறக்கும் சத்தம், என் குரல். ஆபீஸில் என்னை ஏதோ சொல்லிவிட்டார்கள், அதைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறேன். என்ன சொன்னார்கள் என்பதே இன்று எனக்கு ஞாபகமில்லை. அவர் "ஷ்ஷ்" என்கிறார். நான் நிறுத்தவில்லை. இன்னொரு முறை "ஷ்ஷ்". எல்லார் முன்னாலும் அப்படிப் பேசிவிட்டார்கள் என்கிறேன், என் குரல் உடைகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"சரி, இங்க வந்து உக்காரு. அது பாட்டுக்கு ஓடட்டும். நீ சொல்லு."

நான் சொல்கிறேன். நிறுத்தாமல் சொல்கிறேன். அவர் "ம்" என்கிறார். பாட்டு என் பேச்சுக்கு அடியில் எங்கோ போய்விட்டது, ஒரு வரிகூடப் புரியவில்லை. நடுவில் டேப்ரெக்கார்டருக்குள் ஏதோ சிக்கி, நாடா அறுகிறது. அந்தச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. நான் கவனிக்காமல் பேசிக்கொண்டே போகிறேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ம்," என்கிறார். "அப்புறம்?"