பாடமாக்கிய அமெரிக்கா

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அப்பா யுத்தத்தால் எட்டாம் வகுப்போடு நின்றவர். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் மீன் வெட்டிவிட்டு, இப்போது ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார். அம்மா முதியோர் இல்லமொன்றில் சமைக்கிறார். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் அரையாண்டு படிக்க எங்கள் துறைக்கு ஒரேயொரு இடம் இருக்கிறது என்று தெரிந்த அன்றே, அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். அங்கிருந்து ஒரு பேராசிரியை காணொளியில் என்னோடு கதைத்துத் தீர்மானிப்பார். அது ஒன்றுதான் மிச்சம்.

என் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்தான், ஆனால் நோர்வேப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். அமெரிக்க மாணவர்கள் தங்களுக்குள் பேசும் சொற்கள் தெரியாமல் முழிப்பேனோ என்ற பயத்தில், இணையத்தில் தேடி நூற்றுச் சொச்சம் சொற்களை ஒரு கொப்பியில் எழுதினேன். இரண்டாம் ஆண்டுக்காரர் சொஃபமோர். வகுப்புக்குப் போகாமல் விடுவது கட். விடிய விடிய விழித்துப் படிப்பது ஆல்நைட்டர். கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் மூளைக்குள் திணிப்பது க்ராம். பெயிலாவது ஃப்ளங்க், வெளுத்துக்கட்டுவது ஏஸ்.

கொப்பி அப்பாவின் கையில் அகப்பட்டது. நோர்வேயில் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையை, மொழி பாதி விளங்காமலே, புத்தகம் முழுவதையும் பாடமாக்கிப் பாஸ் பண்ணியவர் அவர். உலகத்தில் எந்தப் பரீட்சையையும் அப்படித் தாண்டலாம் என்பது அவருடைய நம்பிக்கை. வேலை முடிந்து வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும், சீருடையைக்கூடக் கழற்றாமல் என்னை மேசையில் இருத்திக் கேள்வி கேட்பார். ஒரு கிழமையில் வீட்டுப் பேச்சே மாறிவிட்டது. அம்மா சொதியை ஏஸ் பண்ணிவிட்டதாக அறிவித்தார். நான் குளித்துக்கொண்டிருக்கையில் அப்பா கதவுக்கு வெளியே நின்று, சொஃபமோர் என்றால் என்ன என்று கேட்டார்.

நேர்முகத்தன்று பின்னேரம் மடிக்கணினிக்குப் பின்னால் அவர் கொப்பியும் பென்சிலுமாக இருந்தார். நான் பாவிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரி போடுவதாக ஏற்பாடு.

எப்படிப் படிப்பாய் என்று பேராசிரியை முதலில் கேட்டார். நான் மடை திறந்தேன். காலை வகுப்புகளைக் கட் பண்ணுவேன், பரீட்சைக்கு முதல்நாள் ஆல்நைட்டர் போட்டு க்ராம் பண்ணுவேன், ஃப்ளங்க் பண்ணினாலும் அலட்டிக்கொள்ளமாட்டேன் என்றேன். அப்பா சரிக்கு மேல் சரியாகப் போட்டார். முகம் பூரித்துக் கிடந்தது. பேராசிரியையின் முகம் அப்படி இல்லை. இதுவரை எத்தனை பாடங்களில் தோற்றிருக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலோடும் மெட்ரோ ஏறி வகுப்புக்குப் போனவள் நான். அந்தக் கொப்பியில் என்னைப்போல ஒருத்திக்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை.

ஒன்றிலும் தோற்கவில்லை என்றேன். இவ்வளவும் பாடமாக்கியது, எதிரே அப்பா இருந்து சரி போடுகிறார் என்றும் சொல்லிவிட்டேன். பேராசிரியை அவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்பா வந்து என் பக்கத்தில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பேராசிரியை அமெரிக்க மாணவர் சொல் ஒன்றுக்குப் பொருள் கேட்டதும், மரியாதைக்கு எழுந்து நின்று பதில் சொன்னார். சட்டைக்குக் கீழே இடுப்பில் கட்டியிருந்த வீட்டுச் சாரமும் அமெரிக்காவுக்குத் தெரிந்தது. பதினொரு சொற்கள் கேட்டார். பதினொன்றும் சரி.

கடைசியில்தான் நான் இருப்பது பேராசிரியைக்கு ஞாபகம் வந்தது. ஏன் அங்கே வந்து படிக்க விரும்புகிறாய் என்றார். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தில், உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பிள்ளை, கொப்பிச் சொல் ஒண்டும் விழேல்லை," என்று அப்பா காதுக்குள் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து, இடம் எனக்கே என்று மின்னஞ்சல் வந்தது. அப்பா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எத்தினை மார்க்ஸ் எண்டு போடேல்லையோ?"

"இதுக்கு மார்க்ஸ் இல்லையப்பா. இடம் எனக்குக் கிடைச்சிருக்கு."

"ஓம், ஓம்," என்றார், ஒரு குழந்தையைச் சமாளிப்பதுபோல.

அதற்குள் அம்மா, பாட்ஸ்பியோர்டில் இருக்கும் அப்பாவின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். "இவர் பதினொண்டுக்குப் பதினொண்டு, மச்சாள். அமெரிக்காக்காரி நேரை கேட்டவ. பிள்ளைதான் கொஞ்சம் தடுமாறினது."

நான் தொலைபேசியைப் பறித்து, தெரிவானது நான்தான் என்று மாமிக்கு முதலிலிருந்து விளங்கப்படுத்தினேன். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அண்ணையை ஏன் எடுக்கேல்லை?" என்றார்.