எச்சரிக்கை இல்லாத வாக்குத்தத்தப் பெட்டி

1979இல் நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். தோல் பதனிடும் டேனரி வாசலில் திரிந்த நாய் ஒன்று என் ஆறு வயது மகளைக் கணுக்காலில் கடித்துவிட்டது. உடனே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் கணவரோ பைபிளின் வாக்குறுதி வசனங்களை அட்டை அட்டையாக அச்சிட்டு அடுக்கிய வாக்குத்தத்தப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்து, கண்ணை மூடி ஜெபித்து ஒரு வசன அட்டையை எடுத்தார். தீங்கு நேராது என்று வந்திருந்தது.

“கர்த்தரே பேசிட்டாரு. ஊசி இன்னாத்துக்கு? உனக்கு விசுவாசம் கம்மி” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை அப்படியே மேஜையில் கவிழ்த்தேன். “இதுல இருக்கறது எல்லாமே ஆசீர்வாதம்தான். எச்சரிக்கை ஒண்ணாவது இருந்தா எடுத்துக் காட்டுங்க!” என்றேன். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான்காம் நாள் அந்த நாய் வெறி பிடித்துச் செத்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. பதினான்கு நாளும் கதறிய பிள்ளையை வேலூருக்குத் தூக்கிப் போனவள் நான். ஆனால் சபையில் எழுந்து, அட்டையில் வந்தபடியே மகள் பிழைத்தாள் என்று சாட்சி சொன்னவர் அவர்!

வேதத்தை இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒற்றை வசனத்தை உருவி எடுப்பதில்லை. கடிந்துகொள்ளும் வசனங்களையும் சேர்த்து அதிகாரம் முழுவதும் வாசிக்கிறேன். அந்தப் பெட்டியில் இப்போது மகளின் ஊசிச் சீட்டு மட்டும் இருக்கிறது. என் சாட்சி அதுதான்.