காதுக்காரர் சொன்ன தீர்ப்பு

அவர் இறந்தபோது வீட்டில் மூன்று ஆம்ப்ளிஃபையர்கள் இருந்தன. ஒன்றுதான் வேலை செய்தது. மற்ற இரண்டும் பல வருடங்களாக "அடுத்த வாரம் ரெடியாயிடும்" என்ற நிலையிலேயே இருந்தவை. மனைவி அவற்றின் மேல் துணி போர்த்தி, அதன்மேல் துவைத்து மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தார்.

வேலை, நாளிதழ் அச்சகம் ஒன்றில் எலக்ட்ரீஷியன். படிப்பு சுமார்தான். கை சுத்தம். அவர் இணைத்த கம்பி கழன்றதாக யாரும் சொன்னதில்லை. ஊரில் அவருக்கு இருந்த பெயர் 'காதுக்காரர்'. அந்தப் பெயர் அச்சகத்தில்தான் பிறந்தது. மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அந்தக் கூடத்தில் கத்திப் பேசினாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது. மற்றவர்கள் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு சைகையில் பேசுவார்கள். இவர் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷின் பக்கம் சாய்ந்து நிற்பார். "இந்தப் பக்கம் கடைசி ரோலர். பேரிங் போகப் போகுது" என்பார். மேனேஜர் சிரிப்பார். சில நாளில் அந்த பேரிங் போகும். மேனேஜரின் சிரிப்பும் போகும்.

"கவசத்தைப் போட்டுக்கோங்க, காது என்னத்துக்கு ஆகும்" என்று வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

"மூடிக்கிட்டு எப்படிக் கேக்கறது?" என்பது அவருடைய பதில். முப்பது வருடம் அதே பதில்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பழைய செட்டுக்காரர்களின் கூட்டம். இசைத்தட்டு, வால்வு ஆம்ப்ளிஃபையர், ஆள் உயர ஸ்பீக்கர் என்று வீட்டை அடைத்து வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர். இந்த மாதம் ஒருவர் வீடு, அடுத்த மாதம் இன்னொருவர் வீடு. யார் வீட்டில் கூட்டமோ அந்த வீட்டு மனைவிக்கு அன்றைக்குத் தவறாமல் தங்கை வீட்டில் வேலை இருக்கும். பெட்ஷீட்டில் சுற்றிய ஆம்ப்ளிஃபையர்களை, மயங்கி விழுந்தவரைத் தூக்குவதுபோல இரண்டு இரண்டு பேராக மாடிக்குத் தூக்கி வருவார்கள். ஒருவருக்காவது இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் டீ. அப்புறம் திரை.

திரைதான் அந்தக் கூட்டத்தின் சட்டம். இரண்டு செட்டுகளுக்கு முன்னால் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். பின்னால் ஒருவர் நின்று மாற்றி மாற்றிப் பாட வைப்பார். எது யாருடையது என்று தெரியாமல் எது மேல் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். காதுக்காரர் கண்ணை மூடியிருப்பார். அவர் வாய் திறந்தால் அதோடு முடிந்தது. அதற்குமேல் மேல்முறையீடு கிடையாது.

கூட்டத்தை ஆரம்பித்தது அவரும் தையல்காரரும். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். முதல் ரெக்கார்ட் பிளேயரை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கி, கல்யாணமானதும் யாருக்கு அது என்று ஒரு மாதம் பேசாமல் இருந்தவர்கள். தையல்காரருக்குத் தெருமுனையில் மாடிப்படிக்கு அடியில் கடை. உயரமானவர்கள் குனிந்துதான் அளவு கொடுக்க வேண்டும். மூடப்போகும் நடன அரங்கம் ஒன்றிலிருந்து அவர் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். இடுப்பு உயர மரப்பெட்டி. மேலே, உச்ச ஒலிகளைத் தருகிற சின்னஞ்சிறு காகிதக் கூம்பு ஸ்பீக்கர்கள், ட்வீட்டர்கள். எல்லாம் பழைய அசல். மரத்தை இழைத்து மெருகேற்றி, முன்பக்கத் துணியைத் தானே தைத்து மாட்டினார். அந்தத் தையலில் ஒரு கோணல் கிடையாது.

அந்த ஸ்பீக்கர் முதன்முதலாகக் கூட்டத்தில் பாடியது தையல்காரர் வீட்டில். ஒரு பெண் குரலும் வயலினும். காதுக்காரர் வெகுநேரம் கண் திறக்கவில்லை.

"மேல ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார் கடைசியில். "கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பாடற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரரும் சிரித்தார். பிறகு, "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார்.

"உனக்குப் பழகிப்போச்சு. அதான் தெரியல. ட்வீட்டர் ரெண்டும் செத்தாச்சு. மாத்திடு."

கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பிஸ்கட்டை எடுத்து அந்த வாயில் போட்டுக்கொண்டார்.

மாற்றிக் கொடுத்ததும் காதுக்காரரே. ஈயம் வைத்த இணைப்பைச் சூடாக்கி, பழைய ட்வீட்டர்களைக் கழற்றி, கடையில் இருப்பதிலேயே கூர்மையான புதியவற்றைப் பொருத்தினார். பழையவற்றைக் குப்பைக்கூடையில் போட்டார். பாட வைத்ததும் முகம் மலர்ந்தது. "இப்பதான்யா உயிர் வந்திருக்கு."

அடுத்த மாதம் தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொஞ்சம் குத்துதுப்பா. ரெக்கார்ட்ல ஒரு பக்கம் முடியறதுக்குள்ள தலைவலி வந்துடுது."

"புது ட்வீட்டர் அப்படித்தான் இருக்கும். ஓட விடு. ஓட ஓட மெருகேறும்."

தையல்காரர் ஓடவிட்டார். காலையில் கடைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து நிறுத்துவார். மாதக்கணக்கில் ஓடியது. அவர் மனைவி ஒரு நாள் காய்கறிக் கடையில் காதுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே வைத்தியம் பண்ணீங்க? இப்பல்லாம் இவரு இங்க பாட்டைப் போட்டுட்டு அடுத்த ரூம்ல போய் உட்கார்ந்து கேக்கறாரு."

காதுக்காரருக்கு இது நல்ல வேடிக்கையாகத் தோன்றியது. அதை அப்படியே கூட்டத்தில் சொன்னார். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் இருந்தவை தையல்காரரின் ஸ்பீக்கரும் யாரோ கொண்டுவந்த ஒரு மலிவு ஜோடியும். தையல்காரர் மலிவு ஜோடியைத்தான் மேல் என்றார். திரையை விலக்கியதும் கொல்லென்று சிரிப்பு.

"சொந்தப் பிள்ளையையே அடையாளம் தெரியலையேப்பா" என்றார் ஒருவர்.

"அதுக்கு அவன் என்ன பண்ணுவான், பாவம்" என்றார் காதுக்காரர். "அது தையல் மிஷின் காது."

அச்சகக் கூடத்தில் ஆயுசைக் கழித்த மனிதர், காலால் மிதிக்கும் மிஷினின் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். யாருக்கும் அது உறைக்கவில்லை. அவருக்கும்தான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தையல்காரர் வாய் திறந்தால் போதும், "நீ இரு, மிஷின் காது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நாளில் அவர் வாய் திறப்பதையே நிறுத்தினார்.

பிறகு ஒரு ஞாயிறு, டீ குடித்துக்கொண்டே சொன்னார். "எனக்குக் காது போயிடுச்சுபோல. நல்ல சாமானை வெச்சு வீணடிக்கறேன். யாராவது எடுத்துக்கோங்க."

பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து தையல்காரர் வரவில்லை. கேட்டால், சீருடை வேலை நிறைய இருக்கிறது என்பார். வருடம் முழுவதும் எந்தப் பள்ளிக்கூடம் சீருடை தைக்கும் என்று காதுக்காரர் யோசிக்கவில்லை.

காதுக்காரரின் மகள் தொழிற்சாலைகளில் இரைச்சலை அளக்கிற வேலையில் இருந்தாள். லீவில் வந்தவள், அப்பாவின் அறையில் எந்த ஒலி எங்கே மோதித் திரும்புகிறது என்று அளந்து காட்டுவதாகச் சொன்னாள். அடிமட்டத்தில் தொடங்கி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ஒலி ஒன்றைத் தன் கருவியிலிருந்து அவருடைய செட்டில் ஓட விட்டாள். முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் தலையாட்டினார். பிறகு குழல்போல ஓர் ஒலி. தலையாட்டினார். பிறகு தலை நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

"நிறுத்தலைப்பா. ஓடிக்கிட்டிருக்கு."

அவர் எழுந்துபோய் ஸ்பீக்கரில் காதை வைத்தார். மரத்தின் வாசனைதான் வந்தது. மகள் அவசரமாகக் கருவியை அணைத்தாள். அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தினமும் தொழிலாளிகளிடம் பார்ப்பதுதான். ஒரு காகிதத்தில் அவர்களுக்கு வரைந்து காட்டும் செவித்திறன் கோட்டை, மேலே போகப்போகப் பள்ளத்தில் விழும் அந்தக் கோட்டை, அப்பாவிடம் வரைந்து காட்டவில்லை.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்பா."

"இது எத்தனை நாளா இருந்திருக்கும்?"

"ஒரே நாள்ல போறதில்ல. பத்து வருஷத்துக்கு மேலயே இருக்கும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். செட்டைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மட்டும், "அவன் ட்வீட்டர் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். எந்த ட்வீட்டர் என்று மனைவி கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டால் சாப்பாடு ஆறிவிடும் என்பது அவருடைய நீண்டகால அனுபவம். பிறகு ஒரு நாள் கணவரே அவரிடம் முழுக்கச் சொன்னார்.

மகள் அளந்த மறுநாள் காலையே அவர் தையல்காரரின் கடைக்குப் போனார். குனிந்து உள்ளே நுழைந்து, கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "உன் காது நல்லாத்தான்யா இருந்துச்சு. என் காதுதான் போயிடுச்சு. எனக்கு மேல எதுவும் கேக்கல. அதனாலதான் உன் ட்வீட்டர் செத்துப்போச்சுன்னேன்."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார்.

"அப்ப குத்துச்சுன்னு சொன்னது?"

"குத்தியிருக்கும். நிச்சயமா குத்தியிருக்கும்."

"ரெண்டு வருஷமா நான் பாட்டே கேக்கல, தெரியுமா? ரேடியோகூடப் போடறதில்ல. எதுக்கு, கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு."

காதுக்காரர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர் போனது போகட்டும்" என்றார் தையல்காரர். "மிஷின் காதுன்னு எங்கே வெச்சு சொன்னே?"

"கூட்டத்துல."

"அப்ப இதையும் அங்கே சொல்லு. இங்கே இந்தப் படிக்கட்டுக்கு அடியில எனக்கு மட்டும் சொன்னா யாருக்குக் கேக்கும்?"

"சொல்றேன்."

"நீ சொன்னேன்னு தெரிஞ்சா நானே வர்றேன்."

அடுத்த கூட்டம் பல் டாக்டரின் வீட்டில். அதே ஸ்பீக்கர்கள் சுவரோரம் நின்றன. காதுக்காரர் சீக்கிரமே போய், வழக்கம்போலக் கம்பிகளைச் சரிபார்த்தார். முன்பக்கத் துணியின் மேல்மூலையைத் தொட்டபோது உள்ளே ஏதோ மெத்தென்று இருந்தது. சட்டத்தைக் கொஞ்சம் நெம்பிப் பார்த்தார். ட்வீட்டருக்கு முன்னால் பஞ்சு. பல் பிடுங்கிய இடத்தில் வைக்கிற சுத்தமான உருட்டுப் பஞ்சு. இரண்டு பெட்டியிலும் அளவாக, வரிசையாக அடைத்திருந்தது.

ஆக, டாக்டருக்கும் குத்தியிருக்கிறது. தீர்ப்புக்கு எதிராகப் பேசக் கூசி, பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காதுக்காரர் சட்டத்தை மறுபடி பொருத்தினார். சாட்சி கையிலேயே கிடைத்துவிட்டது. துணியை எடுத்துக் காட்டினால் போதும்.

எல்லோரும் வந்தார்கள். திரை கட்டினார்கள். பாட்டு முடிந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"என்னைக் கேக்காதீங்கப்பா" என்றார். சொல்லும்போதே உதட்டில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவர் அழைக்கவில்லை. "எனக்குக் காது போயாச்சு. என் பொண்ணே அளந்து சொல்லிட்டா."

 டாக்டர்தான் முதலில் சிரித்தார்.

"உங்களுக்குக் காது போச்சுன்னா எங்களுக்கெல்லாம் இருக்கறதுக்குப் பேரு காதா?"

"அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான் நான் அந்த ஆம்ப்பையே வாங்கினேன். வீட்ல இன்னும் என்கூடச் சரியாப் பேச மாட்டேங்கறா. இப்பப் போயி இப்படிச் சொல்லாதீங்க."

"காது போனா என்ன, அனுபவம் எங்கே போகும்?"

அவர்கள் பயந்தது அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் அவருடைய தீர்ப்பு ஒன்று பளபளவென்று நின்றுகொண்டிருக்கிறது. அவர் காதை எடுத்துவிட்டால் எல்லாம் சேர்ந்து சரியும். அவர் சொல்லியிருக்கலாம். 'விளையாட்டில்ல, தையல்காரன் சொன்னதுதான் சரி' என்று ஒரே ஒரு வாக்கியம். எழுந்து நான்கு எட்டு வைத்துத் துணியை நெம்பியிருக்கலாம். ஆனால் சிரிப்பு அறை முழுக்க நிறைந்திருந்தது. அதற்குள் அவருக்கும் ஓர் இடம் காலியாக இருந்தது. இதமாக இருந்தது.

"சரி சரி" என்று அவரும் சிரித்தார். "முதல்ல பாடினது மேல்."

"அதானே பார்த்தேன்" என்றார் டாக்டர்.

மறுநாள் தையல் கடைக்குப் போனார். தையல்காரர் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நம்பல. சிரிச்சாங்க."

தையல்காரர் பிரிப்பதை நிறுத்தாமல் கேட்டார். "நீ?"

காதுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். ஸ்டூலில் வேறு யாருடைய துணியோ இருந்தது. தையல்காரர் அதை எடுத்து வைக்கவில்லை. ஒரு தையல் முழுவதும் பிரிந்து முடிகிற வரை பார்த்துவிட்டு, நிமிர்ந்து, "சரி, போ. கஸ்டமர் வர்ற நேரம்" என்றார்.

அதன்பிறகும் காதுக்காரர் கூட்டத்துக்குப் போனார். கேட்டால் எல்லாவற்றையும் "நல்லா இருக்கு" என்றார். அவருக்கு வயசாகிறது, மனசு கனிந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தெருமுனையைத் தவிர்த்து, பின்பக்க வழியாக வீட்டுக்கு வரும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. நெஞ்சுவலி வந்த அன்றும் அந்தச் சுற்று வழியில்தான் நடந்து வந்தார்.

துக்கத்துக்குத் தையல்காரரும் வந்திருந்தார். ஹாலில் சுவரோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் பல் டாக்டர். மகள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் காது மாதிரி இனி வராது" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்தபடி.

தையல்காரர் தம்ளரை வாங்கிக்கொண்டார். "வராது" என்றார்.

மகள் தட்டோடு அங்கேயே நின்றாள். அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அந்தக் காதை அளந்தவளும் அவள்தான். தையல்காரர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்ப்பதுபோல. ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் அப்பாவைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சர்க்கரை போதுமா மாமா?" என்று கேட்டாள்.

"போதும்மா."

அவள் அடுத்தவரிடம் நகர்ந்தாள்.