நஸீமின் பகல் நித்திரை

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு ஹாட்வெயார் கடையில் நஸீம் ஆணி நிறுத்துக் கொடுப்பார், சீமெந்து மூட்டை ஏற்றுவார். சுனாமியில் போன மகள் அஸ்னாவுக்கு அப்போது நாலு வயது. மையித்தாகக்கூட உடல் கிடைக்கவில்லை. மனைவி றுமானாவின் கையிலிருந்துதான் பிள்ளை நழுவினாள். இத்தனை வருஷமாக இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

கண்ணை மூடினால் கடல் இரைகிறது என்று மனநலக் கிளினிக்கில் சொல்லி, நித்திரைக் குளிசை வாங்கி விழுங்கி வந்தார். பிறகு மூட்டை தூக்கி முதுகின் அடியில் நாரி பிடித்தபோது வேறொரு டொக்டரிடம் போனார். வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டார். மனநலக் கிளினிக் என்று வாயால் சொல்ல வெட்கப்பட்டு, நஸீம் இல்லை என்றார். நோவு தணிக்கக் கடுமையான நோக்குளிசை ஒன்று கிடைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து அதைப் போட்டார். முந்தின இரவு கண்ணயராததால் நித்திரைக் குளிசையையும் விழுங்கிவிட்டுப் படுத்தார்.

அஸ்னா வந்தாள். அதே உயரம். செருப்பு வாரைக் காட்டி, "வாப்பா, இதப் பூட்டி உடுங்க" என்றாள். குனிந்தார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பிள்ளை அவசரப்படாமல் நின்றாள்.

அஸர் தொழுகைக்கு எழுப்ப வந்த றுமானா, ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்த மூச்சு வரக் காணாமல் திகைத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். கண் திறந்ததும் நஸீம் றுமானாவிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏன் புள்ள எழுப்பின?"

அங்கும் நோக்குளிசையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மிச்சம் சட்டைப்பையிலேயே கிடந்தது. அது இருக்கும்வரை மகளிடம் போக வழி இருப்பதாக ஓர் எண்ணம். ஒரு மத்தியானம் இரண்டு வகைக் குளிசைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். றுமானா வாசலில் நின்று பார்த்தாள். கேட்காமலே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்ட கையாலதான் அவள உட்டன்," என்றாள். "உங்களையும் உட எனக்கு ஏலா."

நஸீம் குளிசைகளோடு கையை அவளிடம் நீட்டினார்.

மறுநாள் இருவருமாக மனநலக் கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் யசோதினி ஏசவில்லை. "ரெண்டும் சேர்ந்தா மூச்சையே அமத்திப் போடும். எங்க மருந்து எடுத்தாலும் மத்ததையும் சொல்லுங்க. நித்திரைக் குளிசைய நீங்களா ஒரேயடியா நிப்பாட்டவும் கூடா, நான் மெல்ல மெல்லக் குறைக்கிறன்" என்றார். நாரி நோவுக்கு வேறு வழி செய்தார். நஸீம் தலையாட்டினார். பிள்ளை வந்த கதையை மட்டும் சொல்லவில்லை.

அதன்பின் அஸ்னா வரவில்லை. கடல் மட்டும் இரைகிறது. பகலில் அவர் சாய்ந்தால் றுமானா வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். விழித்திருந்தாலும் அவர் கண் திறப்பதில்லை.